சைலன்சர் குழாய்க்குள் ஒரு நெர்ன்ஸ்ட் மின்கலம்

மேல்நிலை வகுப்பில் மின்வேதியியல் எடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரையும் மாணவர்கள் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள்: "சார், இந்த நெர்ன்ஸ்ட் சமன்பாடு எங்கே பயன்படுது?" பெரும்பாலும் பி.எச். மீட்டர் என்று ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அந்த மீட்டர் ஆய்வக அலமாரியில் வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் அதே சமன்பாட்டில் இயங்கும் கருவி ஒன்று நம் பள்ளியின் வண்டி நிறுத்தத்தில் தினமும் நிற்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், நம் பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருள் தெளிப்பான் வந்தது. அதோடு சைலன்சர் குழாயின் மேற்பகுதியில், நான்கு கம்பிகள் வெளியே வரும் ஒரு சிறு உலோகக் குமிழும் வந்தது. அதுதான் ஆக்சிஜன் உணரி. பட்டறையில் 'ஓ-டூ சென்சார்' என்பார்கள்.

நான் ஒதியம்பட்டில் குடியிருப்பவன். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறான். கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்காக அவனுடைய கல்லூரிக் குழு ஒரு சிறு பந்தயக் கார் கட்டியிருக்கிறது. அந்தக் காரின் ஆக்சிஜன் உணரி செயலிழந்துவிட்டது. மாற்று வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் மூன்று உணரிகளை எடுத்து வைத்திருக்கிறார். அவன் என்னிடம் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்: "சார், மூணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு. எதை வாங்குறது?"

கேள்வி சிறியதுதான். ஆனால் தவறானதை வாங்கினால் செலவழித்த சில ஆயிரம் ரூபாய் மட்டும் போகாது, மாணவர்கள் ஓராண்டு உழைத்துக் கட்டிய இன்ஜினும் போகக்கூடும். சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தேவையான அறிவு முழுவதும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. எட்டாம் வகுப்பு எரிதல், பத்தாம் வகுப்பு நேரியல் சமன்பாடுகள், பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியல் ஆகிய மூன்றும் போதும்.

முதலில் ஒரு பின்னணி. இந்தக் குழு பயன்படுத்துவது 373 சிசி ஒற்றைச் சிலிண்டர் பைக் இன்ஜின். பைக்கிலிருந்து கழற்றிய இன்ஜினுக்கு அதனுடன் வந்த கணினிப் பெட்டியே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. போட்டி விதிப்படி, இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு குறுகிய வழியாகத்தான் போக வேண்டும். வேகத்தைக் கட்டுக்குள் வைக்கவே இந்த ஏற்பாடு. இதனால் காற்று போகும் அளவே மாறிவிடுகிறது. 'இத்தனை சுழற்சியில், திராட்டில் இவ்வளவு திறந்திருந்தால், இவ்வளவு பெட்ரோல் தெளி' என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணை இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது. அதனால் அட்டவணையை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்துகிறார்கள். 'மெகாஸ்குவர்ட்', 'ஸ்பீடுயினோ' போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. அட்டவணையை எழுத வேண்டுமானால், எழுதியது சரியா என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். புகையை மோந்து பார்த்து அந்தச் சாட்சியைச் சொல்வதுதான் ஆக்சிஜன் உணரி.

சாட்சி எதைப் பற்றிச் சொல்ல வேண்டும்? காற்றும் எரிபொருளும் எந்த அளவில் கலந்தன என்பதைப் பற்றி. வீட்டு எரிவாயு அடுப்பில் சுடர் நீலமாக இருந்தால் பாத்திரத்தின் அடி கரியாகாது. காற்றுத் துளை அடைபட்டால் சுடர் மஞ்சளாகி அடிப்பாகம் கரியாகிவிடும். எரிபொருள் மிகுந்து காற்று குறைந்த நிலை அது. பட்டறையில் இதை 'ரிச்' என்றும், எதிர்நிலையை 'லீன்' என்றும் சொல்வார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மெழுகுவர்த்தியையும் கண்ணாடி டம்ளரையும் வைத்தே இதன் முதல் பாதியைக் காட்டிவிடலாம்.

மேல் வகுப்பில் கணக்காகவே போடலாம். ஒரு மோல் ஆக்டேன், அதாவது 114 கிராம், முழுமையாக எரிய 12.5 மோல் ஆக்சிஜன் வேண்டும். அது 400 கிராம். காற்றின் நிறையில் ஆக்சிஜன் ஏறத்தாழ 23.2 விழுக்காடு. ஆகவே தேவைப்படும் காற்று சுமார் 1,724 கிராம். வகுத்துப் பார்த்தால் 15.1 வரும். பெட்ரோல் என்பது தனி ஆக்டேன் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதற்கு இந்த விகிதம் ஏறத்தாழ 14.7. ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற, மிகையும் குறையும் இல்லாத இந்தப் புள்ளிக்கு 'லாம்டா 1' என்று பெயர். உண்மையில் போன காற்றை, தேவையான காற்றால் வகுத்தால் வருவதே லாம்டா. 1-க்குக் கீழே என்றால் ரிச், மேலே என்றால் லீன்.

இப்போது நெர்ன்ஸ்ட். உணரியின் உள்ளே இருப்பது யிட்ரியா கலந்த ஜிர்கோனியா என்னும் பீங்கான். குளிர்ந்த நிலையில் அது மின்கடத்தாப் பொருள். 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் ஆக்சைடு அயனிகள் அதன் வழியே நகரத் தொடங்கும். 1890-களின் இறுதியில் வால்தெர் நெர்ன்ஸ்ட் இதே வகைப் பீங்கானைச் சூடேற்றி ஒரு மின்விளக்கே செய்து காட்டினார். 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். காருக்குள் இந்த உணரி வந்தது 1976-இல். போஷ் நிறுவனம் செய்து தர, கலிஃபோர்னியாவில் விற்ற வால்வோ கார்களில் பொருத்தினார்கள். ஜிர்கோனியாவின் மூலக்கனிமமான ஜிர்கான் நமக்குத் தொலைவான பொருளும் அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். பாடம் நடத்தும்போது இதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. இரு பக்கத்திலும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் வேறுபட்டால் மின்னழுத்தம் உண்டாகிறது. பாடப்புத்தகத்தில் உள்ள சமன்பாட்டையே போடலாம். எலக்ட்ரான் எண்ணிக்கை 4, வெப்பநிலை 1000 கெல்வின் என்று வைத்துக்கொண்டால், இயல் மடக்கைக்கு முன்னால் வரும் பெருக்கெண் 0.0215 வோல்ட். வெளிக்காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.209 பார். லீன் புகையில் ஆக்சிஜன் 2 விழுக்காடு இருந்தால் மின்னழுத்தம் 0.051 வோல்ட். 5 விழுக்காடு இருந்தால் 0.031 வோல்ட். ரிச் புகையில் தனி ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. சமநிலையில் அதன் அழுத்தம் 10-இன் அடுக்கு கழித்தல் 20 பார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அப்போது மின்னழுத்தம் 0.96 வோல்ட்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். லாம்டா 1-ஐத் தாண்டும் இடத்தில் மின்னழுத்தம் சுவர் ஏறுவது போல 0.1-க்குக் கீழிருந்து 0.9-க்குத் தாவுகிறது. ஆனால் சுவரின் இரு பக்கமும் தரை சமதளம். 2 விழுக்காட்டுக்கும் 5 விழுக்காட்டுக்கும் இடையே வித்தியாசம் வெறும் 20 மில்லிவோல்ட். ரிச் பக்கத்திலும் அழுத்தம் பத்து மடங்கு மாறினால் 0.05 வோல்ட்தான் மாறும். இதற்கிடையே வெப்பநிலை நூறு டிகிரி ஏறி இறங்கினால் அந்தச் சிறு வித்தியாசம் தெரியாமலே போய்விடும். ஆக, இந்த உணரி 'ரிச்சா, லீனா' என்ற ஒரே கேள்விக்குத்தான் துல்லியமாகப் பதில் சொல்லும். 'எவ்வளவு ரிச்?' என்று கேட்டால் அதன் பதிலை நம்ப முடியாது. இதைக் குறும்பட்டை உணரி என்கிறார்கள்.

நம் சாலை வண்டிக்கு அது போதும். அதன் கணினி சற்றே ரிச், சற்றே லீன் என்று மாறிமாறி லாம்டா 1-ஐச் சுற்றியே ஊசலாடும். வினையூக்கி மாற்றி சரியாக வேலை செய்வதும் அந்தப் புள்ளியில்தான். ஆனால் பந்தயக் காரை முழுத் திராட்டிலில் விரட்டும்போது லாம்டா 0.85 முதல் 0.90 வரை இருக்க வேண்டும். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளறை குளிரும். அந்தக் குளிர்ச்சி கிடைக்காவிட்டால் இன்ஜின் 'நாக்' அடித்து, பிஸ்டன் தலையே உருகக்கூடும். 0.85 என்பதை 0.92-இலிருந்து பிரித்துச் சொல்லத் தெரியாத சாட்சியை வைத்துக்கொண்டு அந்த அட்டவணையை எழுத முடியாது.

கடைக்காரர் எடுத்து வைத்த மூன்றில் முதலாவது, விலை குறைந்த, பைக்கின் அசல் நான்கு கம்பி உணரி. அது இத்துடன் விலகிக்கொள்கிறது. பைக்கின் அசல் கணினிக்கு அது சரியான பொருள். இந்தக் காரின் வேலைக்கு அல்ல.

மீதி இரண்டும் அகலப்பட்டை உணரிகள். ஒன்று போஷ் எல்.எஸ்.யூ. 4.2. மற்றது அதற்குப் பிறகு வந்த எல்.எஸ்.யூ. 4.9. அகலப்பட்டை எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்ஸ்டன் சமனச்சுற்று தெரிந்த மாணவனுக்கு இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். உணரிக்குள் ஒரு நுண்ணிய அறை. அதை ஒரு நெர்ன்ஸ்ட் மின்கலம் கண்காணிக்கிறது. இன்னொரு பீங்கான் மின்கலம் மின்னோட்டத்தைக் கொண்டு அந்த அறைக்குள் ஆக்சிஜனை ஏற்றும் அல்லது வெளியே இறைக்கும். நெர்ன்ஸ்ட் கலம் எப்போதும் 0.45 வோல்ட் காட்டும்படி, அதாவது அறை எப்போதும் லாம்டா 1-இல் இருக்கும்படி, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று அந்த இறைப்பை மாற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே விடை. லீன் என்றால் நேர்குறி, ரிச் என்றால் எதிர்க்குறி, லாம்டா 1-இல் பூஜ்யம். தராசின் முள்ளை நடுவில் நிறுத்த எத்தனை படிக்கல் வைத்தோம் என்று எண்ணுவதைப் போன்றது. சுவரின் நடுவிலேயே நெர்ன்ஸ்ட் கலத்தை நிறுத்திவைப்பதால் சமதளத்தின் சிக்கல் வருவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தந்திரங்களில் இது ஒன்று.

கடைக்காரர் 4.9-ஐத்தான் பரிந்துரைத்திருக்கிறார். "புதுசு, துல்லியம், நீடிச்சு உழைக்கும்." அவர் சொன்னது உண்மைதான். 4.2 ஒப்பீட்டுக்கு வெளிக்காற்றை நம்பியிருக்கிறது. அந்தக் காற்று மாசுபட்டால் அளவு பிசகும். 4.9 தனக்கு வேண்டிய ஒப்பீட்டு ஆக்சிஜனைத் தானே இறைத்துக்கொள்கிறது. ஆனாலும் நான் மாணவனிடம் கேட்டது உணரியைப் பற்றி அல்ல. "உங்க கன்ட்ரோலர் பெட்டியோட கையேட்டுல எந்த சென்சார்னு போட்டிருக்கு, பாருப்பா."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவர்களுடைய இன்ஜின் கணினியால் அகலப்பட்டை உணரியை நேரடியாக இயக்க முடியாது. நடுவில் ஒரு சிறு கன்ட்ரோலர் பெட்டி இருக்கிறது. உணரியைச் சூடாக்குவதும், ஆக்சிஜனை இறைப்பதும், விடையை 0 முதல் 5 வோல்ட்டாக மாற்றிக் கணினிக்குத் தருவதும் அதன் வேலை. கையேட்டில் 4.2 என்று அச்சிட்டிருந்தது.

அந்தப் பெட்டி உணரியின் வெப்பநிலையை எப்படி அறிகிறது? தனி வெப்பமானி கிடையாது. நெர்ன்ஸ்ட் கலத்தின் மின்தடையை அளந்து அறிகிறது. ஜிர்கோனியாவின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். 4.2-க்கு இலக்கு 80 ஓம், 4.9-க்கு 300 ஓம். 4.2-க்கான பெட்டியில் 4.9-ஐ மாட்டினால் என்ன ஆகும்? 300 ஓமிலேயே அது வேண்டிய சூட்டில் இருக்கும். பெட்டியோ 'இன்னும் 80 வரவில்லையே' என்று சூடாக்கியை விரட்டிக்கொண்டே இருக்கும். உணரி அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும். மாற்றிப் போட்டால் எதிர்நிலை. வேண்டிய சூடு வருவதற்கு முன்பே பெட்டி நின்றுவிடும், அளவும் தவறும். இந்த இரண்டுக்கும் சொருகிகள் வேறுவேறு வடிவம் என்பது ஒரு காவல். ஆனால் சொருகியை வெட்டிவிட்டுக் கம்பியை முறுக்கி ஒட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறதே! அகலப்பட்டை உணரியின் சொருகிக்குள் ஒரு சிறு மின்தடை இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட உணரிக்கென்று தொழிற்சாலையில் சரிசெய்து வைத்தது அது. உணரிக்கு ஐந்து கம்பி, சொருகிக்கு ஆறு முனை இருப்பது அதனால்தான். சொருகியை வெட்டி எறிந்தால் அளவுத் திருத்தமும் அதோடு போகும்.

ஆக, புதியதை அல்ல, பழைய 4.2-ஐத்தான் வாங்க வேண்டும். பெட்டியையும் சேர்த்து மாற்றப் பணம் இருந்தால் 4.9-க்குப் போகலாம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கும் குழுவுக்கு நான் அதையே சொல்வேன். இவர்களிடம் அந்தப் பணம் இல்லை, போட்டிக்கு நாளும் அதிகம் இல்லை. 4.2-ஐ வரவழைத்தார்கள்.

உணரி வந்தபின் இன்னொரு பொருத்தம் பார்க்க வேண்டியிருந்தது. கணித ஆசிரியர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோலர் தரும் 0–5 வோல்ட்டைக் கணினி ஒரு நேர்கோட்டுச் சமன்பாட்டால் காற்று–எரிபொருள் விகிதமாக மாற்றிக்கொள்கிறது. அந்த நேர்கோடு பெட்டிக்குப் பெட்டி வேறு. ஒரு வகைப் பெட்டியில் 0 வோல்ட் என்றால் 10, 5 வோல்ட் என்றால் 20. இன்னொரு வகையில் 0 வோல்ட் 7.35, 5 வோல்ட் 22.39. கணினியில் எந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்தோம் என்பது பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகாவிட்டால்? இரண்டு கோடுகளையும் வரைபடத்தாளில் போடச் சொல்லுங்கள். 2.63 வோல்ட்டில், 15.26 என்ற மதிப்பில், அவை வெட்டிக்கொள்ளும். வெட்டும் புள்ளிக்கு அருகில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. 2.5 வோல்ட்டில் முதல் கோடு 15 காட்டும், இரண்டாவது 14.87 காட்டும். இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு லாம்டா 1 அருகே சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆபத்து முழுத் திராட்டிலில் இருக்கிறது. பெட்டி முதல் வகை, கணினி அதை இரண்டாம் வகை என்று நம்புகிறது என்று வையுங்கள். நாம் 12.5 வேண்டும் என்கிறோம். இரண்டாம் கோட்டின்படி 12.5 என்பது 1.71 வோல்ட். அந்த வோல்ட் வரும்வரை கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போகும். ஆனால் முதல் கோட்டின்படி 1.71 வோல்ட் என்பது உண்மையில் 13.4. திரையில் 12.5, சிலிண்டருக்குள் 13.4. லாம்டாவில் சொன்னால் 0.85-க்குப் பதில் 0.91. திரையைப் பார்த்தபடியே இன்ஜினைக் கருக்கிவிடலாம். இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடுகளுக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. செல்சியசும் ஃபாரன்ஹீட்டும் கழித்தல் 40-இல் சந்திக்கும் கணக்கோடு சேர்த்தே நடத்தலாம்.

இதோடு எத்தனால் வந்து சேர்கிறது. 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் இ20 பெட்ரோல் அறிமுகமானது. கன அளவில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். 46 கிராம் எத்தனாலுக்கு 96 கிராம் ஆக்சிஜன், விகிதம் 9. அடர்த்திகளைக் கொண்டு நிறைக்கு மாற்றிக் கணக்கிட்டால் இ20-இன் சரியான விகிதம் ஏறத்தாழ 13.5 வரும். ஆனால் உணரிக்கு விகிதம் தெரியாது. அதற்குத் தெரிந்தது லாம்டா மட்டுமே. பல திரைகள் லாம்டாவை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. இ20 ஊற்றிய இன்ஜின் சரியாக எரியும்போதும் திரையில் 14.7 என்றே தெரியும், உள்ளே நடப்பது 13.5 என்றாலும். அதனால் திரையை லாம்டாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எரிபொருள் மாறினாலும் 1 என்பது 1-தான்.

பழைய உணரி ஏன் செத்தது என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் புதியதும் அதே வழியில் போகும். அவர்கள் காரை வில்லியனூர் சாலையில் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே இருந்த மூத்த மெக்கானிக் உணரியைத் தொடவே இல்லை. முதலில் சைலன்சர் பெண்ட் பைப் சிலிண்டரோடு சேரும் இடத்தில் விரலால் தடவிப் பார்த்தார். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே போனால் நல்ல உணரிகூட 'லீன்' என்று பொய் சொல்லும். "சென்சாரைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கேஸ்கெட்டைப் பாருங்க தம்பி" என்றாராம். ஆய்வகத்தில் அளவீட்டுப் பிழை பற்றி நாம் அரைமணி நேரம் பேசுவதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். இங்கே கசிவு இல்லை. அடுத்து சூடாக்கியின் மின்தடையைப் பார்த்தார். சில ஓம் காட்டினால் சூடாக்கி உயிரோடு இருக்கிறது. (நெர்ன்ஸ்ட் கலத்தின் கம்பிகளில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைக்கக் கூடாது, கலம் கெடும்.) அதுவும் சரியாக இருந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் மூக்கு முழுவதும் புகைக்கரி. கன்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுக்காமலே பல நாள் இன்ஜினை ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள். சூடாக்கி வேலை செய்யாத உணரி புகையில் நின்றால் கரி எரிந்து போக வழியில்லை, படிந்துகொண்டே போகும். சோதனை ஓட்டத்தில் உணரி வேண்டாம் என்றால் அதைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு மூடியைத் திருகி வைக்க வேண்டும்.

உணரிக்கு வேறு எதிரிகளும் உண்டு. ஈயம் முதலாவது. 2000-இல் நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியதால்தான் இந்த உணரியும் வினையூக்கி மாற்றியும் இங்கே பரவலாக வர முடிந்தது. கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பூசும் சிலிக்கோன் பசை இரண்டாவது. அதன் ஆவி பிளாட்டினத்தின் மேல் படலமாகப் படியும். தண்ணீர் மூன்றாவது. குளிர்ந்த குழாயில் திரளும் நீர்த்துளி சூடான பீங்கானில் பட்டால் விரிசல் விடும். அதனால் உணரியைக் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது சாய்த்து, மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்த வேண்டும். பொருத்தும் முன் சுத்தமான வெளிக்காற்றில் வைத்து, கன்ட்ரோலர் காற்றுக்குரிய மதிப்பைக் காட்டும்படி சரிசெய்ய வேண்டும். திருகு அளவியில் பூஜ்யப் பிழை பார்ப்பதற்கு ஒப்பானது இது. இதைப் பட்டறைக்குள் செய்யாமல் திறந்த வெளியில் செய்யச் சொன்னேன்.

இதை வகுப்பில் பேசினால், மாணவர்களில் யாராவது தன் பைக்குக்கும் இப்படி ஒரு பெட்டி மாட்டலாமா என்று கேட்பது உறுதி. சாலையில் ஓடும் வண்டிக்கு இது கூடாது. உற்பத்தியாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. பிரிவு 182ஏ-இன் கீழ் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பந்தயக் கார் மூடிய தடத்தில் மட்டும் ஓடுவது. பிஎஸ்-6 பைக்கின் உணரி கெட்டால் அதன் அசல் பாக எண்ணுக்குரிய உணரியையே போட வேண்டும். புரி பொருந்துகிறது, கம்பி நான்கு இருக்கிறது என்பது போதாது. மின்னழுத்தம் தராமல் மின்தடை மாறும் டைட்டானியா உணரிகளும் உண்டு. பார்வைக்கு இரண்டையும் வேறுபடுத்துவது கடினம்.

வகுப்பறையில் செய்துகாட்டவும் வழி இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் கழித்துப்போட்ட குறும்பட்டை உணரியைக் கேட்டு வாங்குங்கள். கழித்தவற்றில் சில நல்ல நிலையிலேயே இருக்கும். பெரும்பாலான நான்கு கம்பி ஜிர்கோனியா உணரிகளில் வெள்ளை இரண்டும் சூடாக்கி, கருப்பு நேர்முனை, சாம்பல் எதிர்முனை. மல்டிமீட்டரை 2 வோல்ட் நேர்மின் நிலையில் வைத்துக் கருப்பையும் சாம்பலையும் இணையுங்கள். உணரியின் உடலை இடுக்கியில் இறுக்கி, திறந்த வெளியில், மாணவர்களை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, கண்ணாடி அணிந்துகொண்டு, எரிவாயு டார்ச் சுடரை மூக்கில் காட்டுங்கள். இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும், மணல் வாளி அருகில் இருக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மூக்கு சூடேறியதும் மீட்டர் 0.6-இலிருந்து 0.9 வோல்ட் வரை ஏறும். சுடரை விலக்குங்கள். காற்று பட்ட கணத்தில் 0.2-க்குக் கீழே விழும். மறுபடி காட்டினால் மறுபடி ஏறும். ஏறிய மதிப்பிலிருந்து சுடருக்குள் ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை மாணவர்களே கணக்கிடட்டும். வெப்பநிலையை 1000 கெல்வின் என்று எடுத்துக்கொண்டால் போதும். சூடான உணரியைத் தண்ணீரில் நனைக்காமல் மணலில் வைத்து ஆறவிட்டால், அடுத்த பிரிவு மாணவர்களுக்கும் அதுவே உதவும்.